வெள்ளை உப்பும் நீலக் கடலும்: ஓர் அளவுத்திருத்தப் பயணம்

திங்கள் இரவு, அகமதாபாத் ரயில் நிலையம்

பூஜ் வண்டி வர இன்னும் நேரம் இருக்கிறது. மற்றவர்கள் சாப்பிடப் போயிருக்கிறார்கள். பெட்டிகளுக்குக் காவலாக நான் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு சிறு பெட்டி மட்டும் என் மடியை விட்டு இறங்கக் கூடாது என்பது எங்கள் குழுவை நடத்தும் சாரின் உத்தரவு. அதற்குள் ஒரு வெள்ளைத் தகடு இருக்கிறது. தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய முழுவதையும் எல்லாப் பக்கமும் சமமாகத் திருப்பி அனுப்பும் தகடு. விரல் பட்டால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டி அது கெட்டுவிடும். இந்தப் பயணத்தில் நாங்கள் எடுக்கப்போகும் ஒவ்வொரு அளவும் இதை நம்பித்தான் இருக்கிறது.

போகிற இடம் கட்ச்சின் பெரிய ரண். உப்பு வெளியில் நின்று, நம் வானிலைச் செயற்கைக்கோளின் கண் சரியாகப் பார்க்கிறதா என்று சோதிக்கப் போகிறோம். அங்கிருந்து கொச்சி வழியாக லட்சத்தீவு. இதே வேலையைக் கடலில் செய்ய வேண்டும்.

டிவியில் புயல் நேரத்தில் ஓடவிடும் மேகப் படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். மேலேயிருந்து அது படமாக வருவதில்லை, எண்களாக வருகிறது. இன்சாட்-3டிஆர் செயற்கைக்கோளின் படக்கருவி ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 1023 வரை ஏதோ ஓர் எண்ணைத் தருகிறது. அந்த எண் எவ்வளவு ஒளியைக் குறிக்கிறது, எத்தனை டிகிரி வெப்பத்தைக் குறிக்கிறது என்று தெரிந்தால்தான் அது அளவு. தெரியாவிட்டால் வெறும் கறுப்பு வெள்ளைப் படம்.

ஏவுவதற்கு முன்பே ஆய்வுக்கூடத்தில், அளவு தெரிந்த விளக்கொளியைக் காட்டி இதைக் கணக்கிட்டு வைத்திருப்பார்கள். ஆனால் ராக்கெட் குலுக்கல், வெற்றிடம், வருடக்கணக்காக அடிக்கும் புற ஊதாக் கதிர், கண்ணாடிகளில் மெல்லப் படியும் மாசு எல்லாமாகச் சேர்ந்து அந்தக் கணக்கை மாற்றிவிடும். 3டிஆர் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது 2016 செப்டம்பர் 8 அன்று. அதன் கண்ணுக்கு எவ்வளவு வயதாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடைத் தராசுக்கு அவ்வப்போது முத்திரை போடுகிறார்கள் அல்லவா? அப்படி இதற்கும் போட்டாக வேண்டும்; அளவுத்திருத்தம் என்பது அதுதான். கழற்றிக் கீழே கொண்டுவர முடியாது. தரையிலிருந்துதான் போட வேண்டும்.

வண்டி வருகிறது. மீதியை நாளை எழுதுகிறேன்.

செவ்வாய், பூஜ்

காலையில் இறங்கியதும் தாபேலி. பாவுக்குள் காரமும் இனிப்புமாக உருளைக்கிழங்கு மசாலா, மேலே மாதுளை முத்தும் வேர்க்கடலையும். 2001 ஜனவரி 26 பூகம்பத்தில் சிதைந்த ஊர் இது. இன்று கடைத்தெருவில் நடப்பவருக்கு அது சட்டென்று தெரியாது. நகரத்தைச் சுற்ற நேரம் கிடைக்கவில்லை. வண்டி பேசுவதிலும் அனுமதிச் சீட்டுகளிலும் பகல் போய்விட்டது. எல்லைப்புறம் என்பதால் ரண்ணுக்குள் போகச் சீட்டு வேண்டும்.

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு என் தம்பி கேட்டான்: “அளவு பார்க்கிற விளக்கை செயற்கைக்கோளுக்குள்ளேயே வைத்து அனுப்பினால் என்னக்கா?”

நல்ல கேள்வி. சிலவற்றில் வைக்கிறார்கள். அமெரிக்கர்களின் மோடிஸ் என்ற செயற்கைக்கோள் படக்கருவியில் சூரிய ஒளியை ஏந்தி உள்ளே காட்டும் வெள்ளைத் தகடு உண்டு. ஆனால் அந்தத் தகடும் வெயிலில் பழுக்கும். அது எவ்வளவு பழுத்திருக்கிறது என்று பார்க்க இன்னொரு கருவி வேண்டும். நம் இன்சாட்-3டி வரிசைப் படக்கருவியில் வெப்பத்தை அளக்கும் அகச்சிவப்புப் பட்டைகளுக்கு (பட்டை என்றால் கருவி தனியாகப் பார்க்கும் ஓர் அலைநீளத் துண்டு) உள்ளேயே ஏற்பாடு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும், வெப்பத்தை அல்லாமல் தெறித்து வரும் சூரிய ஒளியை அளக்கும் குற்றலை அகச்சிவப்புக்கும் இல்லை. ஆகவே அந்த இரண்டு பட்டைகளுக்காகத்தான் இந்த அலைச்சல். உள்ளே விளக்கு இருந்தாலும் வெளியே வந்து பார்க்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு பொருள்கள் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்வது போதாது.

புதன், தோர்டோவுக்கு வடக்கே

பிரந்தியாராவில் சீட்டைக் காட்டி, அங்கே பால்கோவா மாதிரி சூடாக விற்கும் மாவா வாங்கிச் சாப்பிட்டுக் கிளம்பினோம். வழியெல்லாம் புல்வெளி, வளைந்த கொம்பு எருமைகள், வட்ட வடிவ மண் வீடுகள். அப்புறம் புல் குட்டையாகிறது, தரை சாம்பல் நிறமாகிறது, வெள்ளைத் திட்டுகள் தலைகாட்டுகின்றன. கொஞ்ச தூரத்தில் வெள்ளையைத் தவிர வேறு எதுவும் இல்லை.

குளிர்க் கண்ணாடியைக் கழற்றினால் கண் கூசுகிறது. மழைக்காலத்தில் கடல்நீரும் ஆற்றுநீரும் ஏறி நிற்கும் இந்தச் சமவெளி, குளிர்காலத்தில் வற்றி உப்பு ஓடாக இறுகுகிறது. ஓடு ஐங்கோணமும் அறுகோணமுமாக வெடித்து, விளிம்புகள் கொஞ்சம் தூக்கி நிற்கின்றன. மிதித்தால் நொறுங்கும் சத்தம் கேட்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு செடி கிடையாது.

இந்த வேலைக்கு என்னென்ன வேண்டுமோ அதெல்லாம் இங்கே இருக்கிறது. தரை பிரகாசமாக இருக்க வேண்டும். அப்போதுதான் செயற்கைக்கோளுக்குப் போகும் ஒளியில் தரையின் பங்கு அதிகமாகவும் காற்றின் பங்கு குறைவாகவும் இருக்கும். பல கிலோமீட்டருக்கு ஒரே மாதிரி இருக்க வேண்டும்; இன்சாட்டின் ஒரு பிக்சல் இங்கே ஒரு கிலோமீட்டருக்கும் அதிகம். வானம் தெளிவாக இருக்க வேண்டும். அரிசோனா பல்கலைக்கழகத்தின் பிலிப் ஸ்லேட்டரும் அவருடைய குழுவும் 1980களில் நியூ மெக்ஸிகோவின் வெள்ளை ஜிப்சம் மணலில் நின்று அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோளுக்கு இந்த முறையை உருவாக்கினார்கள். நெவாடாவின் ரெயில்ரோடு பள்ளத்தாக்கு, நமீபியாவின் கோபாபெப், பிரான்ஸின் லா க்ரோ, சீனாவின் பாவோடோ ஆகிய இடங்களில் இன்று தானாகவே அளந்து அனுப்பும் கருவிகள் இருக்கின்றன. ராட்கால்நெட் என்ற பெயரில் அந்த அளவுகள் எல்லோருக்கும் கிடைக்கின்றன. இன்சாட்-3டி மேலே போன பிறகு நம் ஆய்வாளர்கள் இந்த ரண்ணுக்கு வந்து அளந்து, முடிவுகளை வெளியிட்டிருக்கிறார்கள். நாங்கள் போவது அவர்கள் போட்ட பாதையில்.

இன்று இடம் பார்ப்பது மட்டும்தான் வேலை. சுற்றுலாக்காரர்கள் நடக்கும் பகுதியிலிருந்து வெகுதூரம் தள்ளிப் போனோம். காலடியும் டயர் தடமும் பட்ட உப்பு வேறு விதமாக ஒளியைத் திருப்பும். வண்டியை ஓரத்தில் நிறுத்தச் சொன்னதும் ஓட்டுநர் காகாவுக்கு நிம்மதி. மேலே காய்ந்த ஓடு, கீழே சேறு, வண்டி இறங்கினால் இழுக்க ஆள் கிடையாது என்றார். கருவிகளைச் சுமந்துகொண்டு நடந்தோம்.

நடக்கும்போது சார் குனிந்து ஓட்டைப் பெயர்த்துக் காட்டினார். மேல் ஓடு காய்ந்து வெள்ளையாக இருக்கிறது. அடியில் விரல் வைத்தால் ஈரம். “கண்ணுக்கு ரெண்டும் வெள்ளைதான்மா. ஆனா குற்றலைப் பட்டைக்கு இந்த ஈரம் கறுப்பாத் தெரியும்” என்றார். 1.6 மைக்ரான் அலைநீளத்தில் தண்ணீர் ஒளியை விழுங்கிவிடும். அதனால் கண்ணுக்குத் தெரியும் பட்டைக்கு நல்லதாகப்படும் இடம் குற்றலைப் பட்டைக்கு நல்லதாக இருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் பொருந்தும் காய்ந்த பரப்பைக் கண்டுபிடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

வியாழன், தோர்டோ

விடிந்ததும் வெளியே வந்து பார்த்தால் வானம் முழுக்க மெல்லிய பஞ்சு மேகம். இந்த மாதிரி உயர மேகம்தான் எங்களுக்குப் பெரிய எதிரி. வெயில் அடிப்பது மாதிரியே இருக்கும். கருவியில் பார்த்தால் அளவு நிமிடத்துக்கு நிமிடம் ஆடும். மதியம் வரை காத்திருந்துவிட்டு, கம்பு ரொட்டியும் மோரும் சாப்பிட்டு அறைக்குத் திரும்பினோம்.

மேகம் வேலையைக் கெடுத்ததால் மேகத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை அளப்பவை அகச்சிவப்புப் பட்டைகள். செயற்கைக்கோளுக்குள் வெப்பநிலை தெரிந்த ஒரு கரும்பொருள் இருக்கிறது. படக்கருவி அதை ஒரு முறை பார்க்கும், வெறும் விண்வெளியை ஒரு முறை பார்க்கும். விண்வெளியில் அளக்க வெப்பமே கிடையாது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் அது, இன்னொரு பக்கம் கரும்பொருள். இரண்டுக்கும் வரும் எண்களை இணைத்து ஒரு கோடு போட்டால் இடையிலுள்ள எந்த எண்ணையும் வெப்பமாக மாற்றலாம்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் புவிநிலைச் சுற்றுப்பாதையில், அதாவது பூமியோடு சேர்ந்து சுற்றி ஒரே இடத்துக்கு மேலே, நின்று பார்க்கும் கருவிகளுக்கு நள்ளிரவை ஒட்டி ஒரு தொல்லை வரும். பூமிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் சூரியன் படக்கருவியின் வாய்க்குள்ளேயே அடிக்கும். உள்ளே ஒரு பக்கம் சூடேறிவிட்டால், கரும்பொருளைப் பார்த்து எடுத்த கணக்கு அந்த நேரத்துக்குப் பிசகும். அதைத் தனியே திருத்த வேண்டும். திருத்தம் சரியா என்று பார்க்க, தாழ்வான பாதையில் பறக்கும் ஐயாசி என்ற ஐரோப்பிய அகச்சிவப்புக் கருவியோடு ஒப்பிடுவார்கள். இரண்டும் ஒரே இடத்தை ஒரே நேரத்தில், ஏறக்குறைய ஒரே கோணத்தில் பார்க்கும் தருணங்களைத் தேடி எடுத்து ஒப்பிட வேண்டும். உலக வானிலை அமைப்பின் ஆதரவில் 2005இல் தொடங்கிய ஜிசிக்ஸ் கூட்டு முயற்சியில் பல நாடுகள் இதைச் செய்கின்றன. நம் நாடும் அதில் இருக்கிறது.

ஒன்றிரண்டு டிகிரி பிசகினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். நான் குமரி மாவட்டத்துக்காரி. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது எங்கள் பக்கத்துக் கடலோர ஊர்களில் என்ன நடந்தது என்பதை நான் இங்கே விவரிக்க வேண்டியதில்லை. நடுக்கடலில் புயலின் காற்று வேகத்தை அளக்க நம்மிடம் விமானம் பறப்பதில்லை. மிதவைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கின்றன. பெரும்பாலும் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துத்தான் வலுவைக் கணிக்கிறார்கள். வெர்னான் டுவோராக் 1970களில் வகுத்த முறை அது. மேக உச்சியின் குளிரைப் படிகளாகப் பிரிக்கும்: மைனஸ் 70 டிகிரியிலிருந்து 75 வரை ஒரு படி, 76 முதல் 80 வரை அடுத்த படி. புயலின் கண்ணைச் சுற்றிய மேகம் எந்தப் படியில் இருக்கிறது என்பது வலுவின் எண்ணை மாற்றும். மைனஸ் 75ஐ 77 என்று கருவி சொன்னால் மேகம் படி தாண்டிவிடும். இதற்காக மேசைமுன் உட்கார்ந்து ஐயாசியோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டே இருப்பவர்களின் பெயர் எந்தச் செய்தியிலும் வராது. எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை உண்டு.

சாயங்காலம் மேற்கே வானம் வெளுக்கிறது. நாளை பார்க்கலாம்.

வெள்ளி, ரண்

கிடைத்தது! காலையிலிருந்து ஒரு பொட்டு மேகம் இல்லை.

இந்திய நேரப்படி பன்னிரண்டு மணி என்றாலும் இங்கே சூரியன் உச்சிக்கு வரும்போது ஒரு மணியைத் தாண்டிவிடுகிறது. அவ்வளவு மேற்கே இருக்கிறோம். இன்சாட்-3டிஆர் அரைமணிக்கொரு முறை பூமி வட்டத்தை வடக்கிலிருந்து தெற்காக வருடிப் படம் எடுக்கிறது. முழு வட்டத்துக்குச் சுமார் 26 நிமிடம். எங்கள் தலைக்கு மேல் அந்தப் பார்வை கடக்கும் நிமிடத்தைக் கணக்கிட்டு, அதற்கு முன்னும் பின்னும் அளக்க வேண்டும். செயற்கைக்கோள் 74 டிகிரி கிழக்கில், நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்கிறது. இங்கிருந்து பார்த்தால் தெற்கு வானில், உச்சியிலிருந்து சுமார் 28 டிகிரி சாய்ந்து. கண்ணுக்குத் தெரியாதுதான். இருந்தாலும் எல்லோரும் ஒரு முறையாவது அந்தப் பக்கம் அண்ணாந்து பார்த்தோம்.

வேலை இப்படி நடந்தது. ஒளியை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்து அளக்கும் நிறமாலைமானி முதுகுப்பையில் இருக்கும். அதிலிருந்து ஒரு கண்ணாடி இழை வரும். இழையின் முனையைத் தரைக்கு ஒரு மீட்டர் மேலே பிடித்தால், கீழே சுமார் 44 சென்டிமீட்டர் அகல வட்டத்திலிருந்து வரும் ஒளி உள்ளே போகும். முதலில் வெள்ளைத் தகட்டைப் பார்க்க வேண்டும், அப்புறம் உப்பை, அப்புறம் மறுபடி தகட்டை. உப்பின் அளவைத் தகட்டின் அளவால் வகுத்தால் உப்பு எத்தனை பங்கு ஒளியைத் திருப்புகிறது என்று கிடைத்துவிடும். 350 நானோமீட்டரிலிருந்து 2500 வரை, ஒவ்வோர் அலைநீளத்துக்கும். இதையே நடந்து நடந்து, கோடு கோடாக, ஒரு சதுரக் கிலோமீட்டர் பரப்பில் செய்ய வேண்டும்.

பிடிப்பவர் சூரியனைப் பார்த்து நிற்க வேண்டும். நிழல் அளக்கும் இடத்தில் விழக் கூடாது. வெளிர் நிறச் சட்டை கூடாது, அதிலிருந்து தெறிக்கும் ஒளி தகட்டில் படும். எல்லோரும் கருநீலமும் கறுப்புமாக அந்த வெயிலில் நடந்தோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தகட்டை மட்டமாக வைப்பது என் வேலை. காற்று கொஞ்சம் எழுந்தாலும் உப்புத்தூள் பறந்து தகட்டில் விழுமோ என்று வயிற்றைக் கலக்கும்.

நாங்கள் நடந்துகொண்டிருக்க, இன்னொருவர் ஓரிடத்தில் நின்று சன் போட்டோமீட்டரைச் சூரியனுக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். காற்றில் எவ்வளவு தூசு, எவ்வளவு நீராவி, எவ்வளவு ஓசோன் என்று அது சொல்லும். பார்க்க மந்தமான வேலை. அது இல்லாமல் எங்கள் நடை வீண். சூரிய ஒளி காற்றைக் கடந்து கீழே வந்து, உப்பில் பட்டு, மறுபடி காற்றைக் கடந்து மேலே போகிறது. இந்த இரண்டு கடத்தலையும் கணக்கிட்டால்தான் செயற்கைக்கோளின் வாசலில் எவ்வளவு ஒளி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று சொல்லலாம். 6எஸ்வி என்ற நிரலில் தரை அளவையும் காற்றின் அளவையும் கோணங்களையும் கொடுத்தால் அந்த விடை வரும். அதைப் படக்கருவி பதிந்த எண்ணோடு ஒப்பிடுவதுதான் முத்திரை.

உப்பு எல்லாத் திசையிலும் சமமாக ஒளியைத் திருப்புவதில்லை என்பது இதில் ஒரு சிக்கல். ஓட்டின் தூக்கிய விளிம்புகளுக்கு நிழல் உண்டு. சூரியன் நகர நகர அது மாறும். ஆகவே நேர்கீழே பார்த்து அளந்ததோடு நிறுத்தாமல், செயற்கைக்கோள் பார்க்கும் அதே 28 டிகிரிச் சாய்விலும் அளந்தோம். இவ்வளவு செய்தும் இந்த முறையின் துல்லியம் சில விழுக்காட்டுக்குள்தான் நிற்கும். அதனால்தான் ஒரே நாள் அளவை வைத்து யாரும், கருவியின் எண்ணை ஒளியளவாக மாற்றும் திருத்தக் கெழுவை மாற்றுவதில்லை. பல நாள், பல பருவம், பல ஆண்டு என்று சேர்ந்தால்தான் போக்கு தெரியும்.

மாலையில் உதடு வெடித்து, முகம் எரிந்தது. வண்டியில் ஏறியதும் காகா ஒரு சொம்பு மோர் நீட்டினார். “பேன் (குஜராத்தியில் சகோதரி), உப்பில் என்ன தேடுகிறீர்கள்?” என்று கேட்டார். மழை சொல்லும் செயற்கைக்கோளைச் சோதிக்கிறோம் என்றேன். அவர் தன் எருமைகளைப் பற்றியும், மழை தவறிய வருடங்களில் அவற்றை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனதைப் பற்றியும் தோர்டோ வரும்வரை பேசிக்கொண்டே வந்தார்.

ஞாயிறு, கொச்சி

அகமதாபாத் திரும்பி, விமானத்தில் கொச்சி. லட்சத்தீவுக்கு வெளியாட்கள் போக அனுமதி வேண்டும்; அது முன்பே கையில் இருக்கிறது. கப்பல் நாளை. குழுவில் இருவர் ரண் அளவுகளோடு அகமதாபாத்திலேயே தங்கிவிட்டார்கள். மற்றபடி இன்று துணி துவைத்ததும் தூங்கியதும்தான்.

செவ்வாய், கவரத்தி

கப்பலிலிருந்து சிறு படகுக்கு மாறி, பவளத்திட்டின் வாய்க்கால் வழியாகக் காயலுக்குள் வந்தோம். தண்ணீர் பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவே ஏதோ ஒரு நிறம். திட்டுக்கு வெளியே திரும்பிப் பார்த்தால் கருநீலம். அந்தக் கருநீலம்தான் எங்களுக்கு வேண்டும்.

ரண்ணில் பிரகாசமான தரையைத் தேடிப் போனோம். கடலின் கதை தலைகீழ். கடல் இருட்டு. கடல்நிறம் பார்க்கும் செயற்கைக்கோளுக்கு வந்து சேரும் ஒளியில் சுமார் 90 விழுக்காடு காற்று சிதறடித்தது. தண்ணீருக்குள் போய்த் திரும்பி வந்தது மீதி 10 தான். நமக்கு வேண்டிய செய்தி அந்தப் பத்தில் இருக்கிறது. மேலே கருவியின் அளவில் ஒரு விழுக்காடு பிசகினால், காற்றின் பங்கைக் கழித்த பிறகு கடலின் அளவில் அது பத்து விழுக்காடாகிவிடும். ஆய்வுக்கூட விளக்கை வைத்து இந்தத் துல்லியத்தை எட்டவே முடியாது. கருவியையும் காற்றைக் கழிக்கும் கணக்கையும் சேர்த்து, ஒரே அமைப்பாகக் கடலில் அளந்த உண்மையோடு பொருத்த வேண்டும்.

அமெரிக்கர்கள் ஹவாயின் லனாய் தீவுக்கு அருகே மோபி என்ற மிதவையை 1997 முதல் கடலில் நிறுத்தியிருக்கிறார்கள். டென்னிஸ் கிளார்க் கட்டிக் காத்தது. உலகின் கடல்நிறக் கருவிகள் பலவற்றுக்கு அதுவே அடிப்படை. பிரான்ஸின் நீஸ் நகருக்கும் கார்சிகா தீவுக்கும் இடையே மத்தியதரைக் கடலில் பூசோல் மிதவை இருக்கிறது. நம்மவர்கள் ஓஷன்சாட்-2 என்ற கடல்நிறச் செயற்கைக்கோளின் காலத்தில் அந்த மாதிரி ஒளியியல் மிதவைக்குத் தேர்ந்த இடம் கவரத்தி. கொச்சியிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர். ஆற்று வண்டல் கிடையாது. பெருநகரப் புகை குறைவு. கரையை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே கடல் மளமளவென்று ஆழமாகிவிடுவதால் அடித்தரையின் நிறம் குறுக்கிடாது.

அந்தச் செங்குத்து ஆழத்தைச் சென்னைக்காரர்களும் பயன்படுத்தியிருக்கிறார்கள். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம், ஆழத்துக் குளிர்நீரையும் மேலேயுள்ள வெதுவெதுப்பான நீரையும் வைத்து ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலையை 2005இல் இங்கே அமைத்தது. இன்று அறையில் குடித்த தண்ணீர் அதிலிருந்து வந்ததுதான் என்றார்கள். சப்பென்று இல்லை, நன்றாகவே இருந்தது. அலை உயரம் அளக்கும் சாரல் செயற்கைக்கோள் 2013 பிப்ரவரியில் மேலே போனபோது, அதன் ரேடார் அளந்த கடல்மட்டத்தைச் சரிபார்க்க இந்தத் தீவின் கடல்மட்டமானியும் உதவியது.

புதன், திட்டுக்கு வெளியே

விடியும் முன்பே படகு. காயலைத் தாண்டியதும் அலை பெரிதானது. நடுவில் எனக்கு வயிறு புரட்டியது, இஞ்சியை மென்றுகொண்டிருந்தேன். பெரிய மிதவையின் வேலையைச் சிறிய அளவில், படகிலிருந்து செய்து பார்ப்பதுதான் திட்டம். ஓஷன்சாட்-3 உச்சிப்பொழுதை ஒட்டிக் கடக்கும். 2022 நவம்பர் 26 அன்று மேலே போன அதில் 13 பட்டைகள் உண்டு.

ஒரு மானி படகின் உச்சியில் நின்று வானத்திலிருந்து வரும் ஒளியை அளக்கும். இன்னொன்றைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்க வேண்டும். அது கீழே பார்த்தபடி, ஆழத்திலிருந்து மேலே எழும் ஒளியை வெவ்வேறு ஆழங்களில் அளக்கும். ஆழத்துக்கு ஆழம் எப்படிக் குறைகிறது என்று பார்த்து, நீர்மட்டத்துக்கு நேர் கீழே எவ்வளவு இருக்கும் என்று கணக்கிட்டு, அதிலிருந்து எவ்வளவு வெளியே தப்பும் என்று கண்டுபிடிக்க வேண்டும். படகின் நிழலும் அதன் வெள்ளைப் பக்கமும் அளவைக் கெடுக்கும் என்பதால் மானியை மிதக்கவிட்டுத் தூரத் தள்ளிவிட்டோம்.

படகுக்காரர் இளைஞர், சூரைமீன் பிடிப்பவர். எங்கள் மானி நனைந்து மேலே வந்ததும் கண்ணாடியை நான் துடைப்பதைப் பார்த்துவிட்டு, “ரெண்டு வாரம் உள்ளே விட்டால் பாசி பிடிச்சிடும்” என்று மலையாளத்தில் சொன்னார். மிதவைகளின் முதல் தலைவலி அதுதான். பாசி, அப்புறம் சிப்பி. செம்பு மூடிகள் வைப்பார்கள். செம்பில் எதுவும் எளிதில் ஒட்டாது. அப்படியும் முக்குளிப்பவர்கள் அடிக்கடி இறங்கித் துடைத்தாக வேண்டும். அதற்குப் படகு, ஆள், பணம். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் யாரும் பக்கத்தில் போக முடியாது.

ஓஷன்சாட்டின் கடல்நிறக் கருவியை 20 டிகிரி முன்னேயோ பின்னேயோ சாய்க்க முடியும். நேரே பார்த்தால் கடலில் தெறிக்கும் சூரியன் கண்ணைக் குருடாக்கிவிடும். இன்று நண்பகலில் படகிலிருந்து தண்ணீரைப் பார்த்தபோது அது ஏன் என்று எனக்கு நன்றாகவே புரிந்தது.

இந்தப் பாடெல்லாம் எதற்கு? நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள விகிதத்துக்காக. நீரில் நுண்பாசி கூடினால் அதன் பச்சையம் நீல ஒளியை விழுங்கும், விகிதம் இறங்கும். அந்த விகிதத்திலிருந்து பச்சையத்தின் அளவு. பச்சையத்தையும் கடல் வெப்பத்தையும் சேர்த்துப் பார்த்து மீன் கூடும் இடங்களை ஹைதராபாதின் இன்கோயிஸ் நிறுவனம் மீனவர்களுக்குச் சொல்கிறது. தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் எங்கள் குளச்சலிலும் அதைப் பார்த்து டீசல் போட்டுக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். விகிதத்தில் ஒரு பட்டை மட்டும் மெல்ல மங்கிக்கொண்டே வந்தால், கடல் மாறாமலேயே மாறியதாகக் காட்டும். பத்து வருடப் போக்கு என்று ஒருவர் கட்டுரை எழுதுவார். அது கடலின் போக்கா, கண்ணாடியின் போக்கா?

அமெரிக்காவின் சீவிஃப்ஸ் கடல்நிறக் கருவிக்காரர்கள் இதற்கு நிலவைப் பிடித்தார்கள். 1997இல் போன அது 2010 வரை மாதம் ஒரு முறை செயற்கைக்கோளையே திருப்பி நிலவைப் பார்த்தது. நிலவில் காற்று இல்லை, மழை இல்லை, தரை மாறுவதில்லை. எந்தப் பட்டை எவ்வளவு மங்குகிறது என்று அது துல்லியமாகக் காட்டிக்கொடுத்தது. கருவி எவ்வளவு மங்குகிறது என்று நிலவு சொல்லும், சரியான அளவு எது என்று மிதவை சொல்லும். இரண்டும் சேர்ந்ததால்தான் அந்தப் பதின்மூன்று வருடப் பதிவை இன்றும் நம்பி எடுக்கிறோம்.

வெள்ளி, கொச்சி திரும்பும் கப்பலில்

நேற்று முழுக்க மேகம். ஓஷன்சாட் ஒரே இடத்துக்கு இரண்டு நாளுக்கு ஒரு முறைதான் வரும் என்பதால் அடுத்த வாய்ப்பு இன்று, கப்பலும் இன்று. கடலில் எங்களுக்குக் கிடைத்தது புதன்கிழமை அளவுகள் மட்டும்.

அகமதாபாத்திலிருந்து ரண் கணக்கின் முதல் சுற்று வந்திருக்கிறது. எண்களை இங்கே போடப்போவதில்லை. தூசுத்துகளின் வகையை மாற்றிப் போட்டால் விடை எவ்வளவு நகர்கிறது என்று இன்னும் பார்க்க வேண்டும். வெள்ளைத் தகட்டையும் ஆய்வுக்கூடத்தில் மறுபடி அளக்க வேண்டும். அது முடியும் முன் வெளியே சொல்லும் எண் யாருக்கும் உதவாது.

சாரோடு மேல்தளத்தில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு செயற்கைக்கோள் ஏவப்படும்போது நாடே பார்க்கிறது. முதல் சில மாதங்கள் சோதனைக்கு ஆளும் பணமும் வருகிறது. ஐந்தாம் வருடம், எட்டாம் வருடம் உப்பு வெளிக்குப் போக வண்டிக் கூலி கேட்டால்தான் இழுபறி. என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: ரண்ணில் நிரந்தரமாக ஒரு தானியங்கிக் கருவி நிற்க வேண்டும், கவரத்தியில் மிதவையும் அதைத் துடைக்கும் ஆட்களும் எந்தத் திட்டம் முடிந்தாலும் முடியாமல் தொடர வேண்டும், அளந்த எண்களும் திருத்தக் கெழுக்களும் கல்லூரி மாணவருக்கும் கிடைக்கும்படி உடனுக்குடன் வெளியாக வேண்டும். செயற்கைக்கோளின் செலவோடு ஒப்பிட்டால் இது சொற்பம்.

சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அடுத்த வருஷம் ஜனவரிக்கு இப்பவே எழுதிப் போடணும்மா. நீதான் வரைவு எழுதறே” என்றார். மடிக்கணினியைத் திறந்து, தேவைப்படும் பொருட்களின் பட்டியலைத் தொடங்கியிருக்கிறேன். முதல் வரியில் புது வெள்ளைத் தகடு, இரண்டாவதில் செம்பு மூடி.